மரியநாயகியின் சொந்தப் பாவம்

குருநகரில் கனிசியஸின் வீட்டுக்கு வந்துபோன அளவு காய்ச்சல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக்கூட வந்திருக்காது. கிழமைக்கு ஒன்றாவது வரும். சில கிழமை இரண்டும் வரும். மருந்து, மாத்திரை ஒன்றும் கேட்காமல் மத்தியானத்துக்குள் தானாகவே போய்விடும். ஏனென்றால் அது கனிசியஸின் உடம்பில் வந்த காய்ச்சல் அல்ல. அவன் மனைவி மரியநாயகியின் வாயில் வந்த காய்ச்சல். முதல்நாள் பின்னேரம் மனிதன் தவறணையில் கள்ளை நிறையக் குடித்துவிட்டு வந்து, காலையில் எழும்பமுடியாமல் பாயோடு பாயாகக் கிடப்பான். இவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவாள்.

"சம்மாட்டியார், அவருக்கு ஒரே காய்ச்சல். மேல் அனலாய்க் கொதிக்குது. இண்டைக்கு வர ஏலாது."

செபநாயகம் சம்மாட்டி தோணியும் வலையும் சொந்தமாக வைத்து, ஆட்களைத் தொழிலுக்குக் கூட்டிப்போகிறவர். அவருக்கென்ன கண் இல்லையா? கனிசியஸ் தவறணையிலிருந்து ஆடி ஆடி வந்ததைப் பாதி ஊர் பார்த்திருக்கும். என்றாலும் "சரி பிள்ளை, ஆளைக் கவனமாய்ப் பார்" என்று சொல்லிவிட்டு வேறொருவனை ஏற்றிக்கொண்டு போவார். புருசனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு மரியநாயகி வீடு திரும்புவாள்.

சும்மா சொல்லக்கூடாது, மரியநாயகி கெட்டிக்காரி. கிழிந்த வலை பொத்துவாள், மீன் விற்பாள், கருவாடு போடுவாள். இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டாள். இவ்வளவும் செய்த கையோடு கனிசியஸின் வாழ்க்கையையும் அவளேதான் வாழ்ந்துகொண்டிருந்தாள். அவன் செருப்பை அவள்தான் தேடுவாள். அவன் சாறத்தை அவள்தான் எடுத்து வைப்பாள். தெருவில் யாராவது "என்ன கனிசியஸ், சுகமோ?" என்று கேட்டால் அவன் வாயைத் திறக்குமுன் "எங்களுக்கு இரண்டு நாளாய் நாரிப்பிடிப்பு, இடுப்பை வளைக்க ஏலாது" என்று இவள் சொல்லிவிடுவாள். நாரி அவனுடையது, பிடிப்பும் அவனுடையது, 'எங்களுக்கு' மட்டும் இவளுடையது! அவனும் நல்லதென்று பேசாமல் நிற்பான். சோற்றில் உப்புக் காணுமா என்றுகூட அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவான்.

ஊரில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது: பாவம் மரியநாயகி. கோயிலிலும் சந்தையிலும் கிணற்றடியிலும் அதே பேச்சுத்தான். "பாவம், அந்த மனுசி இல்லாட்டில் உவன் எப்பவோ அழிஞ்சுபோயிருப்பான்." பின்னேரங்களில் பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா வேலி கடந்து வந்து குந்திக்கொண்டு, அன்றைய கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, மூக்கைச் சிந்திவிட்டுப் போவாள். மரியநாயகிக்கு அது ஒரு ஆறுதல். வெளியே சொல்லமாட்டாள், ஆனால் அந்த நேரத்துக்காகவே அவள் பகல் முழுக்க ஓடித்திரிந்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சண்டைக் காலம். மின்சாரம் போய்க் கனகாலம். ஜாம் போத்தலுக்குள் திரியைப் போட்டு எரித்த காலம். கடலில் தூரம் போக முடியாது. வெளிச்சம் வந்தபிறகு இறங்கி, கரையை அண்டியே தொழில் செய்துவிட்டுத் திரும்பவேண்டும். அந்த வருசம் மாசி மாதத்தில் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்தார். மன்னார்ப் பக்கத்து இளம் சாமியார். வந்த நாள் தொடக்கம் தடிமனும் தும்மலும்.

அவர் வந்தபிறகு வந்த வெள்ளிக்கிழமை மரியநாயகி பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் இருக்க, இந்தப் பக்கம் முழந்தாளிட்டு வழமைபோலத் தொடங்கினாள்.

"சாமி, இரண்டு தரம் கள்ளுக் குடிச்சது. ஒருக்கால் பொய் சொல்லிச் சீட்டு விளையாடப் போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வராமல் படுத்துக் கிடந்தது."

சாமியார் தும்மிவிட்டு, "நீங்களோ?" என்று கேட்டார்.

"ஐயையோ! நானில்லை சாமி. என்ரை மனுசன்."

"அவரின்ரை பாவத்தை அவரெல்லோ வந்து சொல்லவேணும்?"

"அவர் வரமாட்டார் சாமி. நான்தான் எப்பவும் சொல்லுறனான். முந்தின சாமி குடுக்கிற செபத்தையும் அவருக்காக நான்தான் சொல்லி முடிக்கிறனான்."

"சரி, உங்கடை பாவத்தைச் சொல்லுங்கோ."

"அவர் பாவம், சாமி…"

"அவரின்ரை பாவம் வேண்டாம் அம்மா! உங்கடை பாவம்!"

மரியநாயகி யோசித்தாள். முழந்தாள் நோகும்வரை யோசித்தாள். கோபம்? வரும், ஆனால் அது அவன் குடிப்பதால். பொய்? சொன்னாள்தான், ஆனால் அது அவனுக்காக. எதைத் தொட்டாலும் அது அவனிடம்தான் போய் முடிந்தது. கடைசியில் "எனக்கெண்டு ஒண்டும் இல்லை சாமி" என்றாள். சாமியார் பெருமூச்சு விட்டு, போய் யோசித்துக்கொண்டு வரச் சொன்னார். மரியநாயகிக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. பாவமே இல்லாத பொம்பிளையைப் பாவம் தேடிக்கொண்டு வரச் சொல்லுகிறாரே, என்ன சாமியார் இவர் என்று வழிநெடுகப் புறுபுறுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த புதன்கிழமை விபூதிப் புதன், தபசுகாலத் தொடக்கம். உயிர்த்த ஞாயிறு வரும்வரை ஆளுக்கொன்றை விட்டு நோன்பிருக்கிற காலம். அன்றைக்குத்தான் நடந்தது அந்த அதிசயம். நெற்றியில் சாம்பலோடு கனிசியஸ் படலையைத் திறந்துகொண்டு வந்தான். சாதாரணமாக அவன் பெயரில் மரியநாயகிதான் நேர்த்தி வைப்பாள். அவன் திருந்தவேண்டுமென்று தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விட்ட வருசமும் உண்டு. மீனே தொடாத வருசமும் உண்டு. அந்த வருசம் எதை விடலாமென்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவன் கதிரையில் இருந்து சொன்னான்:

"மரியநாயகி, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நான் கள்ளுத் தொடமாட்டன்."

அவள் சிரித்துவிட்டாள். பனங்கள்ளு இறங்கத் தொடங்குகிற காலம் வேறு!

"சிரியாதை. சம்மாட்டியார் என்னைக் கூப்பிட்டுக் கதைச்சவர். இப்ப தோணிக்குப் பொறுப்பாய் நிக்கிற அந்தோனிப்பிள்ளையருக்கு வயது போட்டுது, இனிக் கடல் ஏலாதாம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு நாளும் தவறாமல் வந்தால் தோணிப் பொறுப்பு எனக்காம். தவறினால் இனி இந்தக் கதை எடுக்கமாட்டாராம்."

தோணிப் பொறுப்பு என்றால் சின்னக் காரியமா! வலையை எங்கே வைப்பது, எப்போது தூக்குவது, யாரை ஏற்றுவது, எல்லாம் பொறுப்பாளனின் சொல்தான். கனிசியஸ் சிறுவயது தொடக்கம் ஆசைப்பட்டது. போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் வேறு தோணிகளுக்கு ஆள் தேடியபோது சம்மாட்டி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடலில் இறங்கக்கூடிய தோணியே குறைந்துபோன காலத்தில் இந்தச் சந்தர்ப்பம் இன்னொரு தரம் வராது. மரியநாயகி மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். ஆனால் மனதுக்குள் அவனுக்கு மூன்று நாள்தான் தவணை கொடுத்தாள்.

மூன்று நாள் போனது. ஒரு கிழமை போனது. மனிதன் குடிக்கவில்லை.

அவள் நம்புவாளா? அவன் தொழிலால் வந்து படலையைத் திறக்கும்போதே கிட்டப் போய் மூச்சை மணந்து பார்த்தாள். மீன் மணம்தான் வந்தது. சாமான் வாங்கப் போகிற சாட்டில் தவறணைப் பக்கத்தால் ஒரு சுற்றுச் சுற்றி எட்டிப்பார்த்தாள். அங்கே கள்ளு ஊற்றுகிற தம்பிஐயா இவளைக் கண்டுவிட்டு, "என்னக்கா, அண்ணையை இந்தப் பக்கம் காணேல்லை, சுகமில்லையோ?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி, காய்ச்சல்" என்று சொல்லிவிட்டாள் மரியநாயகி.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். குடித்தாலும் காய்ச்சல், குடிக்காவிட்டாலும் காய்ச்சலா!

வீட்டில் இன்னும் மோசம். கனிசியஸுக்குப் பின்னேரம் முழுக்க நேரம் கிடைத்தது. கிடுகு வாங்கி வந்து வேலியை அடைத்தான். கிணற்றடிக்குப் போய்த் தானே தண்ணீர் அள்ளிவந்தான். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே மறுநாள் கண்டெடுத்தான். குசினிக்குள் எட்டிப்பார்த்து, "குழம்புக்கு உப்புக் காணாது போலை" என்று தன் வாயால் சொன்னான். நியாயப்படி அவள் குளிர்ந்துபோயிருக்கவேண்டும். அவளுக்கோ தலையிடி. காரணமில்லாத எரிச்சல். கிடுகு கட்டினதில் ஓட்டை என்றாள், அள்ளின தண்ணீரில் தூசு என்றாள். ஒரு நாள் அவன் சத்தமாகச் சிரித்ததற்கே சண்டை பிடித்தாள்.

செபஸ்தியம்மாவும் இரண்டு மூன்று நாள் வந்து பார்த்தாள். "என்ன மரியநாயகி, புதினம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். மரியநாயகிக்குச் சொல்லுவதற்கு ஒன்றுமே இல்லை. அழுவதற்கும் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செபஸ்தியம்மா வரவில்லை. அடுத்த ஒழுங்கையில் லூர்த்தம்மா வீட்டில் மருமகளோடு பிரச்சினையாம், பின்னேரத்தில் அங்கேதான் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது, மரியநாயகிக்குப் பொறாமையில் நெஞ்சு எரிந்தது. என்ன வெட்கக்கேடு பாருங்கள்! மற்ற வீட்டுச் சண்டையைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள்.

தபசுகாலம் பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு நாள் கனிசியஸ் மழையில் நனைந்து, உடம்பெல்லாம் விறைத்துப்போய் வந்து கதிரையில் சாய்ந்தான். "நாரி விட்டுப்போகுது" என்று கண்ணை மூடிக்கொண்டான். மரியநாயகிக்கு நெஞ்சு உருகிப்போனது. ஐயோ பாவம் மனுசன், எவ்வளவு நாளைக்குத்தான் தாங்குவான்! இரக்கம் வந்ததா அல்லது கனநாளைக்குப் பிறகு ஒரு வேலை வந்ததா என்று அவளுக்கே தெரியாது. ஒரு போத்தலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு தவறணையின் பின்பக்கத்தால் போனாள். பொம்பிளைகள் போகிற இடமா அது? தம்பிஐயா வாயைப் பிளந்துகொண்டு ஊற்றிக்கொடுத்தான். திரும்பி வரும்போது அவள் கால்கள் பழையபடி விறுவிறுவென்று நடந்தன. அப்படியொரு உசார் வந்து எத்தனை நாள்!

சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் போத்தலை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் குடியுங்கோ. நோவுக்குத்தானே. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நாளைக்கு எழும்ப ஏலாட்டில் நான் போய்ச் சம்மாட்டியாரோடை கதைக்கிறன்."

கனிசியஸ் போத்தலைப் பார்த்தான். அவன் கை ஒருமுறை நீண்டு திரும்பியது. பிறகு அவளைப் பார்த்தான். கோபித்துக் கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் மெல்லக் கேட்டான்:

"மரியநாயகி, நான் குடிச்சால் உனக்கு நல்லமோ?"

"இல்லை, உங்களுக்கு நோகுதெண்டு…" என்று இழுத்தாள்.

"நோகுதுதான். அது என்ரை நாரி. எனக்குத் தெரியும்." போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "கொட்டாதை. அப்பத்துக்குக் கரைச்சு வை. காலமை சாப்பிடுவம். இனி என்னைக் காலமை எழுப்பவும் வேண்டாம், நானே எழும்புவன்."

அப்படியே அரிசிமாவில் கள்ளை ஊற்றிக் கரைத்து மூடிவைத்தாள். மா நன்றாகப் புளித்துப் பொங்கியது. காலையில் அப்பம் சுட்டாள். கரை முறுகி, நடு மெத்தென்று, அவள் ஆயுளில் அவ்வளவு நல்ல அப்பம் சுட்டதில்லை. கனிசியஸ் ஏழெட்டுத் தின்றுவிட்டுத் தொழிலுக்குப் போனான். அவள் அடுப்படியில் இருந்து அழுதாள். எத்தனையோ வருசம் அவன் குடியை நினைத்து அழுதவள், முதல்தரம் தன்னை நினைத்து அழுதாள். குடிக்கிற புருசனை வைத்துக்கொண்டு அவள் சலிக்கவில்லை. குடிக்காத புருசனை வைத்துக்கொண்டுதான் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தானே போய் வாங்கிவந்தாளே! அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரேயொரு நல்ல சந்தர்ப்பத்தைத் தன் கையால் கெடுக்கப் பார்த்தாளே! கனிசியஸ் அன்றைக்கு ஒரு மிடறு குடித்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும், அவளுக்கும் அது பிடித்திருக்கும். அதுதான் பயங்கரம்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமையில் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. மரியநாயகி பொறுமையாக நின்று, தன் முறை வந்ததும் முழந்தாளிட்டாள்.

"சாமி, இண்டைக்கு என்ரை பாவம் கொண்டுவந்திருக்கிறன்."

"சொல்லுங்கோ."

"என்ரை மனுசன் குடியை விட்டிட்டார். எனக்கு அது பிடிக்கேல்லை சாமி." சொல்லும்போதே குரல் உடைந்தது. "நானே கள்ளு வாங்கிக்கொண்டு போய்க் குடுத்தன். அவர் நல்லாய் இருந்தால் என்னை ஒருத்தருக்கும் தேவையில்லைப் போலை கிடக்குது. ஊர் என்னைப் பாவம் எண்டு சொல்லவேணும். அதுக்கு அவர் விழுந்து கிடக்கவேணும். அப்பிடித்தான் நான் இருந்திருக்கிறன்."

சாமியார் தும்மக்கூட இல்லை. பிறகு, "இப்பிடி ஒண்டை நான் இன்னும் கேள்விப்படேல்லை அம்மா" என்றார். இளம் சாமியார்தானே, உண்மையைச் சொல்லிவிட்டார். "இதுக்கு என்ன பேர் எண்டும் எனக்குத் தெரியேல்லை. ஆனால் இது உங்கடைதான்."

பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். மரியநாயகி அதைத் தனக்காகவே சொன்னாள். வெளியே வந்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. கோயில் வாசலில் லூர்த்தம்மா "மனுசன் எப்பிடி?" என்று கேட்டதற்கு, "எனக்கு நல்ல சுகம்" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாள். லூர்த்தம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் வந்து, சாப்பாடும் சிரிப்புமாக வீடு நிறைந்தது. கனிசியஸ் அன்றைக்கும் குடிக்கவில்லை. நேர்த்தி முடிந்துவிட்டது, இனிக் குடிக்கலாமே என்று மருமகன் பகிடி விட்டபோதும் சிரித்துவிட்டு இருந்தான். மறுநாள் காலைதான் சம்மாட்டி பொறுப்புக் கொடுப்பதாகச் சொன்ன நாள்.

அந்தக் காலையில், பாருங்கள், மனிதன் நித்திரையாகிப்போனான்!

மரியநாயகி விழித்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஆட்கள் துடுப்போடு கடற்கரைக்குப் போகிற சத்தம் கேட்டது. கனிசியஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பவேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். சொன்னது சொன்னதுதான். ஆனால் இன்றைக்குமா? அவள் எழுந்தாள், இருந்தாள், மறுபடியும் எழுந்தாள். குசினிக்குள் போய் ஒரு பானையை வேண்டுமென்றே உருட்டிவிடலாமா என்று நினைத்தாள். இல்லை, அதுவும் பழைய வேலைதான். தேத்தண்ணி வைத்தாள்.

அப்போது படலையடியில் செருமல் கேட்டது. செபநாயகம் சம்மாட்டியே வந்து நின்றார். அவர் ஒருநாளும் இந்த வாசலுக்கு வந்ததில்லை.

"எங்கை உன்ரை மனுசன்?" என்று கேட்டவர், அவள் வாய் திறக்குமுன் தானே சொன்னார்: "காய்ச்சலோ?"

அந்தச் சொல் மரியநாயகியின் நாக்கு நுனியில்தான் நின்றது. எத்தனை வருசப் பழக்கம்! ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"இல்லை சம்மாட்டியார். அவருக்கு ஒண்டும் இல்லை. நித்திரையாய்ப் போனார். நான் எழுப்பேல்லை. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கோ."

சம்மாட்டி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அதற்குள் பேச்சுக் கேட்டு எழும்பிய கனிசியஸ் சாறத்தை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தான். தலைமயிர் குத்திட்டு நின்றது. மரியநாயகியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சம்மாட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"நித்திரையாய்ப் போனன் சம்மாட்டியார். என்ரை பிழைதான்."

"தெரியும். உன்ரை மனுசி சொன்னவ. தோணிக்குப் பொறுப்பானவன் பிந்தி வந்தால் மற்றவங்கள் எத்தனை மணிக்கு வருவாங்கள்? ஓடு, ஓடு! அங்கை ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

கனிசியஸுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் செருப்பும் போடாமல் ஒழுங்கையால் ஓடினான். மரியநாயகிக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. சம்மாட்டி போகத் திரும்பியவர், படலையில் கையை வைத்தபடி நின்றார்.

"பிள்ளை, நீ இண்டைக்கும் காய்ச்சல் எண்டு சொல்லியிருந்தால் நான் வேறை ஆளை வைச்சிருப்பன். அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான். குடிக்கிறவனை நான் சமாளிப்பன், குடிக்கிறவங்கள் என்ரை தோணியளிலை எத்தினை பேர்! ஆனால் இந்த வீட்டிலையிருந்து எனக்கு ஒரு நாளும் உள்ளது உள்ளபடி வந்ததில்லை. உள்ளது தெரியாமல் ஒருத்தன்ரை கையிலை தோணியைக் குடுக்க ஏலுமோ? போன வருசமும் அதுதான். அதுக்கு முதல் வருசமும் அதுதான்."

அவர் போய்விட்டார். மரியநாயகி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைக் காப்பாற்றியதாக நினைத்து ஓடிப்போய்ச் சொன்ன அத்தனை காய்ச்சலும் அவன் தலையில்தான் விழுந்திருக்கிறது. கள்ளு கெடுத்ததைவிட அவள் வாய் கெடுத்ததுதான் அதிகம். கண்ணீர் வந்தது. ஆனால் அதோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. எத்தனையோ வருசம் பேசிப் பேசிக் கெடுத்ததை ஒரு நாள் உள்ளதைச் சொல்லித் திருத்திவிட்டாளே!

வேலிக்கு மேலால் செபஸ்தியம்மாவின் தலை தெரிந்தது. "என்னடி மரியநாயகி, சம்மாட்டியார் வந்திட்டுப் போறார், நீ அழுதுகொண்டு நிக்கிறாய்? கனிசியஸுக்கு என்ன?" என்று ஆவலோடு கேட்டாள்.

"அவரைக் கேள் அக்கா" என்றாள் மரியநாயகி. "பின்னேரம் வருவார்."

பிறகு குசினிக்குள் போய், தனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றி, சீனி தாராளமாகப் போட்டுக்கொண்டு, ஆறுதலாக இருந்து குடித்தாள்.